லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு கீயை அழுத்தினால் வேறொன்று விழுகிறதா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை என்று இந்தக் கரையில் எங்கே லேப்டாப் கீபோர்டு மக்கர் செய்தாலும் முதலில் பழி விழுவது உப்புக்காற்றின் மேல்தான். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் கீபோர்டில் ஒரு குறையும் இல்லாமல், லினக்ஸ் செட்டிங்கில் எங்கோ ஒரு லேயவுட் மாறிக் கிடந்ததற்காக இராமநாதபுரம் டவுனுக்கு பஸ் ஏறிப் போய், காசு கொடுத்துப் புது கீபோர்டு மாட்டி, மாட்டிய பிறகும் அதே கோளாறோடு திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவு யாருக்கும் வரவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே. கமாண்டு பெயர்களை எல்லாம் ஒலிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்

நீங்கள் அழுத்தும் கீ நேராகத் திரைக்குப் போவதில்லை. கீபோர்டு ஒரு ஸ்கேன்கோட் அனுப்பும், லினக்ஸின் மையமான கெர்னல் அதைக் கீகோடு என்ற எண்ணாக மாற்றும், அதற்கு மேல் எக்ஸ்கேபி என்ற லேயவுட் அட்டவணை அந்த எண்ணுக்கு என்ன எழுத்து என்று சொல்லும், தமிழ் அடிப்பவராக இருந்தால் நடுவில் ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் என்ற மொழி உள்ளீட்டு மென்பொருள் இன்னொரு கை பார்க்கும், அப்புறம்தான் நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஆப். மீன் கெட்டுப்போயிருந்தால் போட்டிலேயே கெட்டதா, ஏலக்கூடத்தில் கிடந்து கெட்டதா, லாரியில் ஐஸ் இறங்கிக் கெட்டதா என்று பார்ப்போமே, அதே விசாரணைதான் இங்கேயும். எந்தக் கட்டத்தில் தவறுகிறது என்று தெரியாமல் செட்டிங்கை மாற்றினால் பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேரும்.

விசாரணைக்கு இரண்டு கருவி போதும். முதலாவது ஈவிடெஸ்ட். இன்ஸ்டால் செய்து, சுடோ (நிர்வாகி அனுமதி) போட்டு ஓட்டினால் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் வரும். லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு பெரும்பாலும் 'ஏடி டிரான்ஸ்லேட்டட் செட் 2 கீபோர்டு' என்ற பெயரில் இருக்கும், அதன் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தகராறு செய்யும் கீயை அழுத்துங்கள். கெர்னலுக்கு என்ன வந்து சேர்கிறது என்பதை அது அப்படியே காட்டும். இரண்டாவது, லேயவுட் அட்டவணையைத் தாண்டி என்ன வெளியே வருகிறது என்று காட்டுவது. திரையையும் கீபோர்டையும் ஆப்களோடு இணைக்கும் அமைப்பு எக்ஸ்11, வேலண்ட் என்று இரண்டு வகை. எக்ஸ்11 செஷனில் எக்ஸ்ஈவி, வேலண்ட் செஷனில் டபிள்யூஈவி. எந்தச் செஷன் என்று தெரியாவிட்டால் எக்ஸ்டிஜி செஷன் டைப் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை (இது மட்டும் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர், முன்னால் டாலர் குறி) எக்கோ செய்து பாருங்கள், ஒரே வார்த்தையில் பதில் வரும்.

ஏ கீயை ஈவிடெஸ்டில் அழுத்தினால் 30 என்று வரும், எக்ஸ்ஈவியில் 38 என்று வரும். இரண்டுக்கும் எப்போதும் 8 வித்தியாசம் இருக்கும், அது பிழை இல்லை, பயப்பட வேண்டாம்.

ஈவிடெஸ்டில் சரியான கீ பெயர் வந்துவிட்டதா? கீபோர்டு நல்லா இருக்கிறது, கோளாறு மேலே உள்ள மென்பொருளில். ஈவிடெஸ்டிலேயே ஒன்றும் வரவில்லையா, அல்லது தவறான பெயர் வருகிறதா? அப்போது கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு கீயோ, ஒரு கூட்டம் கீயோ எதையும் தருவதில்லை. அல்லது ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுகிறது

ஈவிடெஸ்டில் சத்தமே இல்லை என்றால், லேப்டாப்பை மறுபடி ஆன் செய்து பயாஸ் திரைக்குள் (லினக்ஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய் அம்புக்குறி கீ, என்டர் போன்றவற்றை அங்கே அழுத்திப் பாருங்கள். யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டியும் பாருங்கள். வெளிக் கீபோர்டில் எல்லாம் ஒழுங்காக வந்து உள்ளே இருப்பதில் மட்டும் வரவில்லை என்றால், இங்கேதான் உப்புக்காற்றைக் குற்றம் சொல்லலாம்.

லேப்டாப் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி ஒயர் கிடையாது, வரிசையும் நிரலுமாக ஒரு வலை. அதில் ஒரு தடம் அரித்துப்போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரித் தெரியும் நான்கைந்து கீகள் சேர்ந்து செத்துப்போகும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள், அதனால் வாடைக்காற்று அடிக்கும் மழை மாதங்களில் இது கூடும், வெயில் காலத்தில் சில கீகள் தானாகவே உயிர் பெற்று வரும். தானாக வந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், அரிப்பு நின்றிருக்காது. பவரை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, கீபோர்டின் ரிப்பன் கேபிளை எடுத்து அதன் முனையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு திரும்பச் சொருகுங்கள். கழற்றிப் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், அந்த ரிப்பனைப் பூட்டும் சின்னக் கிளிப் உடைந்தால் பெரிய வேலை. சென்ட், சானிடைசர், தண்ணீர் எதுவும் வேண்டாம்.

எழுத்து இரட்டையாக விழுந்தால் அதற்கு ஒரு தற்காலிக மருந்து இருக்கிறது: செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, டைப்பிங், அதில் பவுன்ஸ் கீஸ். ஒரே கீ மிகக் குறுகிய நேரத்தில் மறுபடி அழுத்தப்பட்டால் இரண்டாவதை அது கண்டுகொள்ளாது. எஸ்எஸ்எல்சி பிள்ளையின் பிராஜெக்ட் நாளைக்கு முடிய வேண்டும் என்கிற நிலையில் இது பெரிய உதவி. அதேபோல ஒரே ஒரு எழுத்துக் கீ செத்துவிட்டது என்றால், யாரும் தொடாத வலது கன்ட்ரோலையோ மெனு கீயையோ அந்த எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். எப்படி என்பதைக் கடைசியில் கீடி என்ற கருவியைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

கீயை அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வருகிறது

இதை எல்லோரும் கீபோர்டு போச்சு என்று நினைத்துவிடுகிறார்கள், பார்த்தால் ஸ்லோ கீஸ் ஆன் ஆகியிருக்கும். ஷிஃப்ட் கீயை 8 வினாடி தொடர்ந்து பிடித்தால் பல லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அது தானாக இயங்கிவிடும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ். குழந்தை கையை வைத்திருந்தாலே போதும். மேலே சொன்ன அதே ஆக்சஸிபிலிட்டி பக்கத்தில் இரண்டையும் அணையுங்கள், அங்கேயே கீபோர்டு வழியாக இவற்றை இயக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

எழுத்து அடித்தால் எண் வருகிறது

யு, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6. ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3. எம் அடித்தால் 0. எண்பலகை தனியாக இல்லாத சின்ன லேப்டாப்களில் நம்லாக் ஆன் ஆனால் இப்படித்தான் ஆகும். எஃப்என் கீயோடு நம்லாக் அச்சிட்ட கீயை அழுத்துங்கள். அச்சே தேய்ந்துபோய்க் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், எக்ஸ்11 செஷனில் நம்லாக்எக்ஸ் என்ற சின்னப் புரோகிராமை இன்ஸ்டால் செய்து 'நம்லாக்எக்ஸ் ஆஃப்' என்று கொடுத்தால் வேலை முடிந்தது. அல்லது வெளிக் கீபோர்டை மாட்டி அதிலிருக்கும் நம்லாக்கை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

ஷிஃப்ட்டோடு 2 அழுத்தினால் @ வரவில்லை, " வருகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். இன்ஸ்டால் செய்யும்போது 'நம்ம ஊரில் பிரிட்டிஷ் இங்கிலீஷ் தானே' என்று யுகே லேயவுட்டைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். எழுத்துக்கூட்டல் பிரிட்டிஷாக இருக்கலாம், ஆனால் இந்தியாவில் விற்கும் லேப்டாப்பின் கீபோர்டு அமைப்பு யுஎஸ். மொழியும் லேயவுட்டும் வேறு வேறு செட்டிங், ஒன்றை மாற்றினால் மற்றதை மாற்ற வேண்டியதில்லை.

யுகே லேயவுட் இருப்பதை உறுதிசெய்ய ஷிஃப்ட்டோடு 3 அழுத்துங்கள், £ வரும். என்டருக்கு மேலே இருக்கும் \ கீ # தரும். டெர்மினலில் பைப் குறி (|) லேசில் கிடைக்காது, ஏனென்றால் யுகே கீபோர்டில் அது இடது ஷிஃப்ட்டை ஒட்டிய ஒரு கூடுதல் கீயில் இருக்கிறது, உங்கள் லேப்டாப்பில் அந்தக் கீயே இல்லை.

மாற்றும் இடம் டெஸ்க்டாப்பைப் பொறுத்தது. ஜினோமில் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ். மின்ட் சின்னமனில் கீபோர்டு, லேயவுட்ஸ். எக்ஸ்எஃப்சிஇ-யில் கீபோர்டு செட்டிங்கில் லேயவுட் டேப், அங்கே 'யூஸ் சிஸ்டம் டீஃபால்ட்ஸ்' என்பதை முதலில் அணைத்தால்தான் கீழே மாற்ற விடும். இங்கிலீஷ் யுஎஸ் சேர்த்து, யுகே-யை நீக்குங்கள். டெபியன் வழி வந்த உபுண்டு, மின்ட், பாஸ் போன்றவற்றில் கணினி முழுவதற்கும் மாற்ற, சுடோ போட்டு 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கீபோர்டு-கான்ஃபிகரேஷன்'. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் இன்னும் நிறைய வீட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் லுபுண்டு மாதிரி இலேசான ஒன்றைப் போடுகிறவர்கள் இந்தப் படியைத் தவறவிடாதீர்கள்.

ஒய்யும் இசட்டும் இடம் மாறி வந்தால் ஜெர்மன் லேயவுட், ஏ இருக்கும் இடத்தில் கியூ வந்தால் பிரெஞ்சு. மருந்து அதேதான். ஒற்றை மேற்கோள் குறி அழுத்தியதும் தெரியாமல், அடுத்த எழுத்தோடு சேர்ந்து á என்று வந்தால் நீங்கள் எடுத்திருப்பது யுஎஸ் இன்டர்நேஷனல். அதை நீக்கிவிட்டு வெறும் யுஎஸ் எடுங்கள்.

வளைகுடாவிலிருந்து வந்த லேப்டாப்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி பக்கம் துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ அண்ணனோ மாமாவோ கொண்டுவந்த லேப்டாப் இல்லாத தெரு குறைவு. கீயில் அரபும் ஆங்கிலமும் சேர்ந்து அச்சிட்டிருக்கும். அந்த அச்சைப் பார்த்து அரபு லேயவுட்டைச் சேர்க்க வேண்டியதில்லை, உங்களுக்கு அரபு அடிக்க வேண்டியிருந்தால் மட்டும் சேருங்கள். கீ அனுப்பும் எண்ணுக்கு அதன் தலையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது தெரியாது. யுஎஸ் லேயவுட் வைத்தாலே எழுத்துகளும் எண்களும் ஒழுங்காக வரும். இடது ஷிஃப்ட்டுக்கும் இசட்டுக்கும் நடுவில் ஒரு கூடுதல் கீ இருந்தால், ஈவிடெஸ்டில் அது 86 என்று காட்டும். யுஎஸ் லேயவுட்டில் அதில் < > வரலாம், அது கோளாறு இல்லை.

அரபும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை: ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் மொழி மாறும்படி வைத்திருப்பார்கள், வேறு ஏதோ ஷார்ட்கட்டுக்கு அந்த இரண்டையும் தொட்டதும் எழுத்து வலமிருந்து இடமாக ஓட ஆரம்பிக்கும். மொழி மாற்றுவதை சூப்பர் கீயும் (விண்டோஸ் குறி போட்ட கீ) ஸ்பேஸும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கை தவறிப் பட வாய்ப்பு குறைவு.

₹ எங்கே?

4 என்ற கீயில் ₹ அச்சிட்டிருக்கும், அழுத்தினால் வராது. மீன் கணக்கு, சீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. ரூபாய்க் குறி 2010-இல்தான் வந்தது, வெறும் யுஎஸ் லேயவுட்டில் அது கிடையாது. லேயவுட் பட்டியலில் 'இங்கிலீஷ் இந்தியா, வித் ருபீ' என்று ஒன்று இருக்கும், அதை எடுத்துக்கொண்டு வலது ஆல்ட்டைப் பிடித்தபடி 4 அழுத்துங்கள். மற்றபடி அது யுஎஸ் மாதிரியேதான் இருக்கும், அதனால் இந்தப் பக்கம் யாருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாலும் நான் முதல் லேயவுட்டாக இதையே வைப்பேன்.

தமிழ்99 போட்டும் தமிழ் ஒழுங்காக வரவில்லை

லேயவுட் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று பார்த்ததும் அதைச் சேர்த்துவிடுவோம். அங்கேதான் சிக்கல். அந்தப் பட்டியல் எக்ஸ்கேபி அட்டவணை, ஒரு கீக்கு ஒரு எழுத்து என்பது மட்டுமே அதற்குத் தெரியும், முன்னால் என்ன அடித்தீர்கள் என்று அது திரும்பிப் பார்க்காது. தமிழ்99-இன் உயிரே அந்தத் திரும்பிப் பார்ப்பதில்தான் இருக்கிறது: எச் அடித்தால் க, அதன் பிறகு எஸ் அடித்தால் கி, தொடக்கத்தில் எஸ் மட்டும் அடித்தால் இ. எச்சை இரண்டு முறை அடித்தால் க்க. பி (வி-க்கும் என்-க்கும் நடுவில் இருப்பது), எச் என்று அடித்தால் ங்க, புள்ளி தானாக விழும். இந்த விதிகள் வேண்டுமென்றால் எம்17என் இன்புட் மெத்தட் வேண்டும். ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, லாக்அவுட் ஆகித் திரும்ப உள்ளே வந்து, இன்புட் சோர்சஸில் தமிழுக்குக் கீழே எம்17என் என்று அடைப்புக்குறியில் இருக்கும் தமிழ்99-ஐச் சேருங்கள். பழைய எக்ஸ்கேபி தமிழை நீக்கிவிடுங்கள், இரண்டும் பட்டியலில் இருந்தால் எது இயங்குகிறது என்று தெரியாமல் தினமும் குழம்புவீர்கள்.

ஒலிப்பு முறையில் அடிப்பவர்களுக்கும் அதே எம்17என்-இல் ஃபொனெடிக் உண்டு. நிறைய அடிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகத் தமிழ்99-ஐக் கற்றுக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம், கீ அழுத்தங்கள் குறையும், கை வலிக்காது.

ஆங்கிலத்தை எப்போதும் பட்டியலில் முதலாவதாக வையுங்கள். தமிழ் முதலில் இருந்தால் சில ஆப்களில் கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி கூட வேலை செய்யாமல் போகும். டெர்மினலில் / அடித்தால் ழ வருகிறது என்று பதறுகிறவர்களுக்கும் பதில் இதுவே: தமிழில் இருக்கிறீர்கள், சூப்பரும் ஸ்பேஸும் அழுத்துங்கள்.

தமிழ் ஒரு ஆப்பில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றால் கீபோர்டைத் தொடவே தொடாதீர்கள், அது ஆப்புக்கும் ஐபஸுக்கும் நடுவில் உள்ள இணைப்பு. டெபியன் வழி கணினியில் ஐஎம்-கான்ஃபிக் ஓட்டி ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து வாருங்கள். வேலண்டில் குரோம் மட்டும் மறுத்தால் அதை 'எனேபிள்-வேலண்ட்-ஐஎம்இ' என்ற ஃபிளாக்கோடு திறந்து பாருங்கள்.

சரியான பாஸ்வேர்டு, ஆனால் உள்ளே விடவில்லை

லாகின் திரையின் லேயவுட்டும் உங்கள் டெஸ்க்டாப்பின் லேயவுட்டும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. லாகின் திரை கணினி முழுவதற்குமான அமைப்பைப் பார்க்கும். மூலையில் மொழிக் குறி தெரிந்தால் அதை மாற்றுங்கள், பாஸ்வேர்டு பெட்டியில் கண் குறி இருந்தால் அதை அழுத்தி, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, என்ன விழுகிறது என்று கண்ணால் பாருங்கள். உள்ளே போன பிறகு 'லோக்கேல்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் அந்தப் பொது அமைப்பு என்ன என்று தெரியும்.

டிஸ்க் என்கிரிப்ட் செய்தவர்களுக்கு இன்னும் ஒரு படி. பூட் ஆகும்போதே பாஸ்வேர்டு கேட்கும் அந்தத் திரை, இனிட்ராம்எஃப்எஸ் என்ற பூட் கோப்புக்குள் இருக்கும் பழைய லேயவுட்டைத்தான் பார்க்கும். லேயவுட்டை மாற்றிய கையோடு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கமாண்டை யு ஆப்ஷனோடு ஓட்டுங்கள்.

எஃப்1 முதல் எஃப்12 வரை, வெளிச்சம், மைக்

எஃப்5 அழுத்தினால் பக்கம் ரீஃப்ரெஷ் ஆகாமல் வெளிச்சம் மாறுகிறது என்றால் லினக்ஸில் தேட வேண்டாம். எஃப்என் கீயைப் பெரும்பாலும் லேப்டாப்பின் உள் கன்ட்ரோலரே கையாள்கிறது, கெர்னலுக்கு அது தெரிவதே இல்லை. எஃப்என்னோடு எஸ்கேப் அழுத்திப் பாருங்கள், பல மாடல்களில் அது எஃப்என் லாக். இல்லையென்றால் பயாஸில் ஹாட்கீ மோட், ஆக்ஷன் கீஸ் மோட் என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். ஆப்பிள் கீபோர்டுக்கும், தன்னை ஆப்பிள் என்று சொல்லிக்கொள்ளும் சில மெக்கானிக்கல் கீபோர்டுகளுக்கும் எச்ஐடி ஆப்பிள் மாட்யூலின் எஃப்என்மோட் மதிப்பை 2 என்று வைத்தால் எஃப் கீகள் முதன்மையாகும்.

மைக் மியூட் கீயின் கதை வேறு. ஈவிடெஸ்டில் 248 என்று அழகாக வரும், எக்ஸ்ஈவியில் ஒன்றுமே வராது. எட்டைக் கூட்டினால் 256, எக்ஸ்11-க்கு 255-க்கு மேல் எண்ணத் தெரியாது, அவ்வளவுதான். வேலண்டில் இந்தத் தடை இல்லை. எக்ஸ்11-இலேயே இருக்க வேண்டுமென்றால் அந்தக் கீயை எஃப்20 என்று மாற்றிவிடுங்கள், மைக் மியூட்டாக எடுத்துக்கொள்ளும்.

மாற்றும் இடம் எச்டபிள்யூடிபி என்ற வன்பொருள் தகவல் பட்டியல். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி-யில் 'அன்நோன் கீ பிரஸ்ட்' என்ற வரி வந்தாலும் இதே மருந்துதான். ஈவிடெஸ்டில் எம்எஸ்சி ஸ்கேன் என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள், கேப்ஸ் லாக்குக்கு அது 3ஏ. ஈடிசி, யூடெவ், எச்டபிள்யூடிபி.டி என்ற ஃபோல்டரில் 90 என்று தொடங்கும் பெயரில் ஒரு ஃபைல். முதல் வரியில் எந்தக் கீபோர்டு என்ற அடையாளம், அடுத்த வரியில் 'கீபோர்டு_கீ_' என்ற முன்னொட்டும் (இது மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்) அதை ஒட்டி அந்த ஸ்கேன்கோடும் சமக்குறியும் புதுக் கீயின் பெயரும். இரண்டாவது வரி கட்டாயம் ஒரு ஸ்பேஸோடு தொடங்க வேண்டும், அதை விட்டால் எதுவும் நடக்காது, பிழைச் செய்தி எதையும் எதிர்பார்க்காதீர்கள். கணினியோடு வரும் 60-கீபோர்டு ஃபைலைத் திறந்து பார்த்தால் உங்கள் மாடலுக்கான மாதிரி அங்கேயே கிடைக்கலாம், எழுதும் முறையும் அதன் தலைப்பில் விளக்கியிருக்கிறது. முடிந்ததும் 'சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்', பிறகு 'யூடெவ்அட்ம் ட்ரிக்கர்', இரண்டும் சுடோவோடு.

மாற்றியது நிற்கவில்லை

எக்ஸ்மோட்மேப் என்ற பழைய கீ மாற்றும் கமாண்டில் மாற்றினேன், மூடித் திறந்ததும் போய்விட்டது. யுஎஸ்பி கீபோர்டு சொருகியதும் போய்விட்டது. போகத்தான் செய்யும். புதுக் கீபோர்டு வந்தாலோ, ஐபஸ் மொழி மாற்றினாலோ லேயவுட் அட்டவணை மறுபடி ஏற்றப்படும், நீங்கள் செய்தது அழிந்துவிடும். வேலண்டில் எக்ஸ்மோட்மேப்பும் செட்எக்ஸ்கேபிமேப்பும் பழைய எக்ஸ் ஆப்களை மட்டும்தான் தொடும். பழைய குறிப்புகளைப் படித்து இதில் மணிக்கணக்கில் போராடுகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அந்தக் குறிப்புகள் எழுதிய காலத்தில் சரியானவை, இப்போது உங்கள் டெஸ்க்டாப் மாறிவிட்டது.

கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோல் ஆக்குவது போன்ற வழக்கமான மாற்றம் என்றால் ஜினோமில் ட்வீக்ஸ், கேடிஇ-யில் கீபோர்டு அட்வான்ஸ்ட் பக்கம், இரண்டிலும் தயாராக இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கீடி. அது லேயவுட்டுக்குக் கீழே, கெர்னல் பக்கத்தில் உட்காருவதால் எக்ஸ்11, வேலண்ட், வெறும் கன்சோல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நிற்கும். ஈடிசி-க்குள் கீடி ஃபோல்டரில் டீஃபால்ட்.கான்ஃப் என்ற ஃபைல்: ஐடிஸ் என்ற பகுதியில் ஒரு நட்சத்திரக் குறி, மெயின் என்ற பகுதியில் பழைய கீ, சமக்குறி, புதுக் கீ. 'கீடி மானிட்டர்' ஓட்டினால் ஒவ்வொரு கீக்கும் அது வைத்திருக்கும் பெயர் தெரியும். செத்துப்போன எழுத்தை வலது கன்ட்ரோலுக்கு மாற்றுவது இங்கேதான். உப்பு ஏறித் தானாகவே அழுந்திக்கொண்டிருக்கும் கீயை வாயடைக்க, சமக்குறிக்குப் பின்னால் நோஆப் என்று எழுதுங்கள். பிறகு 'கீடி ரீலோட்', சுடோவோடு.

ஏதாவது தப்பாக எழுதி எந்தக் கீயும் வேலை செய்யாமல் போனால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், கீடி நின்றுவிடும், கீபோர்டு பழைய நிலைக்கு வரும். இந்த மூன்றில் ஒன்று உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே செத்த கீ என்றால், ஃபைலைத் திருத்தும் முன்னாலேயே யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை மாட்டி வைத்துக்கொள்ளுங்கள்.